ஸ்டீவனின் வருகை பதிவானது

அந்தக் கம்பெனியில் நன்றி சொல்வதற்குத் தடை இருந்தது.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல காரணத்தோடுதான் தடை செய்திருந்தார்கள். ஒருவர் இன்னொருவருக்கு 'நன்றி' என்று ஒற்றை வரியில் மெயில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் கரண்ட் வேண்டும். கரண்ட் ஓடினால் சூடாகும். சூட்டைத் தணிக்க ஏசி வேண்டும். ஏசிக்கும் கரண்ட் வேண்டும். ஆக, நன்றி சொல்கிறவன் பூமியைச் சுடுகிறான். இதைக் கண்டுபிடித்தவர் தலைமைப் பசுமை அதிகாரி நாராயண். கண்டுபிடித்ததை ஊழியர்களுக்கு விளக்க அவர் ஒரு கருத்தரங்கு நடத்தினார். ஹாலில் ஏசி அதிகம் என்பதால் எல்லோருக்கும் ஆளுக்கொரு சால்வை கொடுத்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைக்கு நடுவே, ஜன்னலே இல்லாமல் வெள்ளை வெளேரென்று நிற்கும் கட்டடம் அது. டேட்டா சென்டர். உலகத்தில் யார் யாரோ எடுத்த போட்டோ, அனுப்பிய செய்தி, பாடிய பாட்டு எல்லாம் உள்ளே பெட்டி பெட்டியாகப் பத்திரமாக இருக்கின்றன. கட்டடத்தின் பின்னால் டீசல் ஜெனரேட்டர்கள் வரிசையாக உறுமும். அவற்றுக்குப் பச்சை பெயின்ட் அடித்த நாளிலிருந்து ஆண்டறிக்கையில் அவற்றின் பெயர் பசுமை ஜெனரேட்டர்கள். பெரியபாளையம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்து குளிரூட்டும் தொட்டியில் இறங்கும். ஒவ்வொரு லாரியின் பின்னாலும் 'நீரைச் சேமிப்போம்' என்று கம்பெனி செலவில் எழுதியிருந்தது.

நன்றி சொல்லும் உரிமை அங்கே ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. ஆள் என்றால் ஆள் இல்லை, கேட்டில் நின்ற முக அடையாள மிஷின். முகத்தைக் காட்டினால், "வணக்கம், இன்னார். உங்கள் வருகை பதிவானது. பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது" என்று ஒரு பெண் குரல் சொல்லும். பூமியை யார் கேட்டுச் சொன்னார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த மிஷினையும் நாராயண் பசுமை முறைக்கு மாற்றினார். ஒரு முகத்தை அடையாளம் காண அது முன்பு நூற்றுக்கணக்கான புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்கும். அத்தனை புள்ளி எதற்கு, மூக்கும் தாடையும் புருவமும் போதாதா என்று கேட்டுக் குறைத்தார். திரையில் போட்டோ காட்டுவதையும் நிறுத்தினார். பெயரும் ஒரு பச்சை இலையும் மட்டும் தெரியும். மறுநாளே கேன்டீன் அன்புசெல்வனை மேனேஜிங் டைரக்டர் என்று சொல்லி மிஷின் வரவேற்றது. கணக்குப் பிரிவு வரத் ஒவ்வொரு நாளும் ஜெனிபராக உள்ளே போனார். ஜெனிபர் பிரசவ விடுப்பில் இருந்தாள். விடுப்பு எடுத்த நாளெல்லாம் தவறாமல் வேலைக்கு வந்தவள் என்ற பெருமை அவளுக்கும், வேலைக்கு வந்துகொண்டே காணாமல் போனவர் என்ற மெமோ வரத்துக்கும் கிடைத்தன. கமிட்டி கூடி ஆராய்ந்தது. மொத்தத் தலைகளின் எண்ணிக்கை சரியாக இருப்பதால் தவறு எதுவும் இல்லை என்று முடிவானது.

இன்னொரு பழக்கமும் அங்கே உண்டு. கையாட்டுவது. அறையில் அசைவு இல்லையென்றால் ஆள் இல்லை என்று சென்சார் நினைத்து விளக்கை அணைத்துவிடும். அதனால் எல்லோரும் வேலைக்கு நடுவே யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல் கையை ஆட்டிக்கொள்வார்கள். புதிதாக வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் ஆட்டுவார்கள்.

ஸ்டீவன் அங்கே பேட்டரி அறையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். அன்று பேட்டரி அடுக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டு ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான். அசைவு போதாது என்று சென்சார் முடிவு செய்தது. விளக்கு அணைந்ததும் ஸ்டீவன் வழக்கம்போலக் கையைத் தூக்கி ஆட்டினான். அடுக்குக்குப் பின்னால் இருந்த கை சென்சாருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்த செம்புப் பட்டையில் பட்டது. அதற்குப் பிறகு அவன் அசையவில்லை. அதனால் விளக்கும் எரியவில்லை. ஷிப்ட் மாற்ற வந்தவன் கதவைத் திறந்தபோதுதான் எரிந்தது.

விசாரணைக் குழு சென்சாரைக் கழற்றிப் பார்த்து, அது சரியாகவே வேலை செய்திருக்கிறது என்று அறிவித்தது. அந்த இருட்டில் மிச்சமான மின்சாரம் அந்த மாதச் சாதனையில் சேர்ந்தது.

ஸ்டீவனின் அம்மா கன்னியம்மா கவரைப்பேட்டையில் இருக்கிறாள். தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை. புருஷன் போய் வெகுகாலம் ஆயிற்று. மகனை அடக்கம் செய்த பிறகு அவளுக்கு ஒரு குறை. தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருந்தது பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் போட்டோ. மீசை கூட இல்லை. யார் வீட்டுச் சின்னப் பையன் என்று ஜனங்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் அவன் போனில் இருந்தது. போன் அன்று அவன் பாக்கெட்டில் இருந்தது. அது வேண்டும், இல்லையென்றால் கேட்டு கேமராவில் அவன் நடந்து வருகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்கக் கம்பெனிக்கு வந்தாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மனிதவள அதிகாரி மிருதுளா நல்ல பெண். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். வளாகத்துக்குள் செயலிழந்த மின்பொருள் எதுவானாலும் அன்றைக்கே அரவை இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது பசுமை விதி என்று பொறுமையாக விளக்கினாள். அந்தப் போன் செயலிழந்திருந்தது. அரைத்து வந்த பிளாஸ்டிக்கில் பூந்தொட்டி செய்கிறார்கள். மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு பூந்தொட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க பையன் போன் இதுல இருக்குன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா இருக்கலாம்."

கன்னியம்மா தொட்டிக்குள் பார்த்தாள். பிறகு கேமராவைப் பற்றிக் கேட்டாள். விபத்துக்கு மறுநாள்தான் கம்பெனியில் டிஜிட்டல் சுத்த தினம் கொண்டாடினார்கள் என்றாள் மிருதுளா. தேவையில்லாத வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். கேட்டு கேமரா, பேட்டரி அறை கேமரா எல்லாம் அதில் போயிற்று.

"யம்மா, ஊர்ல கீற எல்லாரோட போட்டோவும் இங்கதான் கீதுன்னு எம்புள்ள சொல்லுவான். யாரோ வெளிநாட்டுக்காரன் ஊட்டு நாய்க்குட்டி படம் கூட கீதாம். எம்புள்ளது ஒண்ணு இருக்காதா?"

"அதெல்லாம் கஸ்டமர் டேட்டாம்மா. அதை நாங்க உயிரைக் குடுத்துக் காப்பாத்துவோம்."

சொல்லிவிட்டு மிருதுளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

"கையை ஆட்டுங்கம்மா, எரியும்" என்றாள் மிருதுளா இருட்டில்.

கன்னியம்மா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. மிருதுளாதான் ஆட்டினாள்.

வெளியே போகும்போது பார்வையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கேட்டில் நின்றாள். காவலுக்கு இருந்தவர் மோசஸ். ஸ்டீவனோடு தினமும் டீ குடித்த மனுஷன். அவர் அட்டையை வாங்கித் துவாரத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கன்னியம்மா தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இதுதான் அவன் தினமும் முகம் காட்டுகிற மிஷினா என்று குனிந்து பார்த்தாள்.

"வணக்கம், ஸ்டீவன்" என்றது மிஷின். "உங்கள் வருகை பதிவானது. பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது."

கன்னியம்மா திரும்பி ரோட்டைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

மோசஸ் அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். இந்த மிஷின் இப்படித்தான், மூக்கும் தாடையும் புருவமும்தான் அதற்குக் கணக்கு, அந்த மூன்றும் பையனுக்கு உன்னிடமிருந்து வந்தது என்றார். மிஷினுக்குள் அவன் முகம் இன்னும் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். போட்டோவாக இல்லை, வெறும் புள்ளியாக வைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்கிறார்கள் என்றார்.

"கோலப்புள்ளி மாரியா?"

"அப்டிதான் வெச்சிக்கோ யக்கா."

"புள்ளி இருந்தா போதும் மோசஸு. கோடு நான் இழுத்துக்கினு போறேன்."

மோசஸ் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டார். ஒரு மாதம் தொடர்ந்து காட்டப்படாத முகத்தை மிஷின் தானாகவே அழித்துவிடும். அதுவும் பசுமை விதிதான். வராதவன் முகத்துக்கு எதற்குக் கரண்ட்?

மறுநாளிலிருந்து கன்னியம்மா தினமும் வந்தாள். கவரைப்பேட்டையில் ரயில் ஏறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, தன் ஆலைக்குப் போகும் வழியில் கேட்டுக்கு வந்துவிடுவாள். மோசஸ் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஓரிரு நாள் மிஷின் தயங்கியது. ஒருமுறை அவளை நாராயண் என்று கூடச் சொல்லிற்று. அதனால் அவள் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். காதில் இருந்ததைக் கழற்றினாள். எதையாவது கேட்டால் ஸ்டீவன் வலது புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, "இன்னாமா?" என்பான். அந்தப் புருவத்தைத் தூக்கிப் பழகினாள். அதன் பிறகு மிஷின் ஒருநாளும் தவறவில்லை.

வணக்கம், ஸ்டீவன் என்று அது சொல்லும். "வந்துட்டாம்பா" என்று அவள் மிஷினிடம் சொல்லிவிட்டு ஆலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் வருவாள். காய்ச்சல் வந்தபோது ஷேர் ஆட்டோவில் வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போ யக்கா என்று மோசஸ் சத்தம் போட்டார். ஆஸ்பத்திரிக்கு நான் போனா இவனுக்கு யார் போடுறது ஆஜர் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இதற்கிடையில் நாராயணின் கம்ப்யூட்டர் ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தது. எந்த ஊழியர் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறார் என்று அது கணக்குப் போடும். அதில் ஒருவர் மட்டும் தனியாக நின்றார். லீவு இல்லை. ஞாயிறும் வருகிறார். லிஃப்ட் ஏறவில்லை, ஏசியில் உட்காரவில்லை, ஒரு மெயில் அனுப்பவில்லை, கேன்டீனில் ஒரு டீ குடிக்கவில்லை. நாராயணுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலாண்டின் பசுமை ஊழியர் இவர்தான் என்று கமிட்டியில் அறிவித்தார்.

அவர் இறந்துவிட்டார் என்று மிருதுளா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இறந்தவர்னு பார்க்காதீங்க மிருதுளா. சிஸ்டத்துல பிரசென்ட்" என்றார் நாராயண். "யோசிச்சுப் பாருங்க. நாம எவ்ளோதான் குறைச்சாலும் மூச்சு விட்டுண்டுதானே இருக்கோம்? உயிரோட இருக்கறதுதான் இங்க பெரிய சிக்கலே. அந்தச் சிக்கலைத் தாண்டின ஒரே ஊழியர் இவர்தான். இவரை முன்மாதிரியா வெக்கலேன்னா வேற யாரை வெக்கறது?"

மிஷினைச் சரிபார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். சரிபார்க்கக் கரண்ட் செலவாகும் என்பதால் அது கைவிடப்பட்டது. விருதை ஸ்டீவனின் தாயார் வந்து பெற்றுக்கொள்வார் என்று தீர்மானித்துக் கமிட்டி கையாட்டிவிட்டுக் கலைந்தது.

கன்னியம்மாவுக்குப் பயம். விஷயம் வெளியே வந்துவிட்டது, முகத்தை அழிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். மோசஸ்தான் தைரியம் சொன்னார். பெரிய மனுஷங்க எல்லாம் மேடையில் இருப்பார்கள், கையில் மைக் வரும், நேராகக் கேட்டுவிடு, எம்புள்ள மொகத்த அழிக்காதீங்கன்னு கேளு, மேடையில் கேட்டதை இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்றார்.

விழா அன்று வெளிநாட்டிலிருந்து தணிக்கைக் குழு வந்திருந்தது. கம்பெனி நிஜமாகவே பசுமையா என்று பார்த்து அவர்கள்தான் சான்றிதழ் தர வேண்டும். ஆகவே அன்று ஒரு நாளைக்கு மட்டும் எதிலும் குறை வைக்க வேண்டாம் என்று நாராயண் உத்தரவு போட்டார். எல்லா விளக்கும் எரிந்தது. வாசலிலிருந்து மேடை வரை பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். 'காகிதம் தவிர்ப்போம்' என்று கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. கேட்டு மிஷினையும் பசுமை முறையிலிருந்து எடுத்து, முழு வெளிச்சம், முழுப் புள்ளி என்று வைத்தார்கள். வருகிற வெள்ளைக்காரரை மேனேஜிங் டைரக்டர் முன்னால் அன்புசெல்வன் என்று அது கூப்பிட்டுவிடக் கூடாது அல்லவா?

கன்னியம்மாவைக் கார் அனுப்பி அழைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போனார்கள். மேடையில் நாற்காலி போட்டார்கள். நாராயண் பேசினார்.

"ஸ்டீவன் நம்ம கம்பெனிக்காகக் கையைத் தூக்கினவர். இன்னிக்கும் தினம் வந்துண்டிருக்கார். சம்பளம் கேக்கலை, லீவு கேக்கலை, வெளிச்சம் கூடக் கேக்கலை. இப்படி ஒவ்வொரு ஊழியரும் மாறினா, நம்ம கட்டடத்துல விளக்கே தேவைப்படாது."

கூட்டம் கைதட்டியது. கன்னியம்மாவின் கையில் ஒரு பாராட்டுக் கேடயமும், பூந்தொட்டியில் வைத்த வேப்பங்கன்றும் கொடுத்தார்கள். அதே மாதிரித் தொட்டி அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. பிறகு மோசஸ் சொன்னபடியே மைக் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அவன் மொகம் கேட்டு மிஷின்ல கீது சார். அத அழிச்சிடாதீங்க. எனக்கு வேற எதுவும் வாணாம். இந்தச் செடி கூட வாணாம்."

தணிக்கைக் குழுத் தலைவர் நாராயண் பக்கம் திரும்பி என்ன சொல்கிறார் என்று கேட்டார். குடும்பமே பசுமைக்காக நிற்கிறோம் என்கிறார், மரம் கூட வேண்டாம் என்கிற அளவுக்கு எளிமையானவர்கள் என்று நாராயண் இங்கிலீஷில் சொன்னார். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். இவ்வளவு பேர் எழுந்து தட்டியதைக் கண்டதும், சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் கன்னியம்மா நினைத்தாள். கும்பிட்டாள்.

திரும்பிப் போகக் கார் இல்லை. நடந்து கேட்டுக்கு வந்தாள். கன்றைக் கீழே வைத்தாள். முடியை இழுத்துக் கட்டி, காதில் இருந்ததைக் கழற்றி, மிஷின் முன்னால் குனிந்து புருவத்தைத் தூக்கினாள். மிஷினில் இதுவரை பார்த்திராத வெள்ளை வெளிச்சம் வந்து முகம் முழுக்க விழுந்தது. கன்னத்துச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு, நெற்றியில் நரைத்திருந்த முடி எல்லாவற்றையும் அது நிதானமாகப் பார்த்தது.

"முகம் பதிவில் இல்லை. மீண்டும் முயலவும்."

கண்ணாடியில் தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். மறுபடி குனிந்தாள்.

"முகம் பதிவில் இல்லை. மீண்டும் முயலவும்."

அவள் முயன்றாள். மறுநாளும் வந்து முயன்றாள். மிஷின் வெகு துல்லியம் என்று தணிக்கைக் குழு பாராட்டிவிட்டதால், அது அப்படியே இருக்கட்டும் என்று நாராயண் சொல்லிவிட்டார். வரத் வரத்தாகவே வேலைக்கு வந்தார். அன்புசெல்வன் அன்புசெல்வனாகப் போய்ச் சாம்பார் கொதிக்க வைத்தார். கன்னியம்மா மட்டும் யாராகவும் இல்லை. புருவத்தை எவ்வளவு தூக்கியும் பலிக்கவில்லை.

ஒருநாள் மோசஸுக்குப் பொறுக்கவில்லை. மிருதுளாவிடம் போய், ஸ்டீவன் முகத்தை அழிக்க வேண்டாம் என்று ஒரு மெயில் போடச் சொல்லிக் கேட்டார். மிருதுளா போட்டாள். தனிப்பட்ட கோரிக்கைகளுக்காக மெயில் அனுப்பிச் சர்வரைச் சூடாக்க வேண்டாம் என்று அவளுக்கு மெயில் வந்தது. அதன் நகல் ஊழியர்கள் இருநூறு பேருக்கும் போயிற்று.

மறுநாள் காலையும் மிஷின் இல்லை என்றுதான் சொன்னது. மோசஸ் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "மிஷினுக்கு இன்னாவோ ஆயிருச்சு யக்கா. முன்ன மாரி அதுக்குக் கண்ணு தெரியல."

"இல்ல மோசஸு" என்றாள் கன்னியம்மா. "முன்னதான் அதுக்குக் கண்ணு தெரியல. பாவம், என்னப் பாத்துட்டு அவன்னு நெனச்சிக்கினு இருந்துச்சு. இப்பதான் நல்லா தெரியுது. இவன் வரல, இவனப் பெத்தவதான் வந்து நிக்கிறான்னு கண்டுபுடிச்சிடுச்சு."

சொன்னாளே தவிர வருவதை நிறுத்தவில்லை. விழா முடிந்து ஒரு மாதம் ஆன காலையில், அவள் குனிவதற்கு முன்பே திரையில் பச்சை இலை ஒன்று வந்தது.

"பயன்பாட்டில் இல்லாத ஒரு முகம் நீக்கப்பட்டது" என்றது பெண் குரல். "பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது."

கன்னியம்மா அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சம் பிடிக்கவோ என்னவோ, திரை சற்று நேரத்தில் அணைந்துகொண்டது. மோசஸ் காவல் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். பின்னால் வரத் நேரமாகிவிட்டது என்று செருமினார்.

அவள் நகர்ந்து வழிவிட்டாள். திரை எரிவதற்காக வரத் கையை ஆட்டினார்.

"வணக்கம், வரத்" என்றது மிஷின்.

அன்று அது ஒருவரைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.